"என்ன பாவம் பண்ணினாரோ": பதினாறாம் நாள் பந்தியில் கேட்டது

பனங்காட்டான் | திங்கள், இரவு 10:48

போன மாதம் என் சித்தப்பா இறந்துபோனார். வயது 58. தூத்துக்குடியில் உப்பு லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூர், ஹைதராபாத் என்று 31 வருடம் லாரி ஓட்டியவர். குடிக்க மாட்டார். ராத்திரியில் கண் சொருகினால் வண்டியை ஓரங்கட்டி அரை மணி நேரம் படுத்து எழுந்த பிறகுதான் ஸ்டியரிங்கைத் தொடுவார். ஓனர் போனில் கத்தினாலும் அசைய மாட்டார். இத்தனை வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

அவர் லாரியில் சாகவில்லை. கோவில்பட்டி தாண்டி நாலுவழிச் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தூக்கக் கலக்கத்தில் ஒருவர் ஓட்டி வந்த கார் நேராகக் கடைக்குள் புகுந்துவிட்டது. பெஞ்சில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் சித்தப்பா. இரண்டு பக்கமும் இருந்தவர்களுக்கு வெறும் சிராய்ப்பு. கார்க்காரருக்குக் காற்றுப்பை விரிந்து ஒன்றும் ஆகவில்லை.

இதுவரை விதி என்று விட்டுவிடலாம். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த ஒரு பெரியம்மா, பந்தியில் ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டே பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார்: "இப்படிப் போகணும்னா என்ன பாவம் பண்ணினாரோ." சித்தி கதவுக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். காதில் விழாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

சித்தப்பாவோடு சேர்ந்து ஓட்டிய இன்னொருவர் இருக்கிறார். டேங்க்கிலிருந்து டீசல் உறிஞ்சி விற்றவர். இரண்டு தடவை லைசென்ஸ் பிடுங்கப்பட்டவர். இன்று பேரனைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டுவிட்டு நிம்மதியாகப் பேப்பர் படிக்கிறார். அவரைப் பார்த்து "என்ன புண்ணியம் பண்ணினாரோ" என்று ஒருத்தரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் விளங்கவில்லை. செத்தவனிடம் மட்டும் ஏன் இந்தக் கணக்கு?


சும்மா_ஒருவன் | திங்கள், இரவு 11:05

ஆழ்ந்த இரங்கல். தினை விதைத்தவன் தினை அறுப்பான், வினை விதைத்தவன் வினை அறுப்பான். நமக்குத் தெரியாத கணக்கு மேலே ஒன்று ஓடிக்கொண்டிருக்கும் அண்ணே.


கடைமடை | செவ்வாய், காலை 5:40

இரங்கல் தம்பி.

சும்மா ஒருவனுக்கு ஒரு வார்த்தை. தினை விதைத்தவன் தினை அறுப்பான் என்று சொன்னவர் கடைமடையில் விவசாயம் பார்த்தவராக இருக்க முடியாது. எனக்கு வேதாரண்யம் பக்கம் நாலு ஏக்கர். ஜூன் 12 மேட்டூர் திறந்தார்கள் என்று செய்தியில் மலர் தூவுவதைப் பார்ப்போம். அந்தத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு எட்டிப்பார்க்கும்போது தலைமடைக்காரர் பயிருக்கு இரண்டாம் உரம் போட்டிருப்பார். அதனால் எங்களுக்கு எல்லாமே பின்தங்கித்தான் நடக்கும், அறுப்பும்.

2023 பிப்ரவரி முதல் வாரம். கதிர் சாய்ந்து தங்கமாய் நிற்கிறது. அறுவடை மெஷினுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. மழை பிடித்துக்கொண்டது. அறுத்துக் கிடந்த நெல் களத்தில் முளைவிட்டது, அறுக்காதது வயலிலேயே முளைவிட்டது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கக் கூடாது என்பது விதி. டெல்லியிலிருந்து குழு வந்து, கையில் நெல்லை அள்ளிப் பார்த்து, அப்புறம் அந்த வரம்பைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். அதற்குள் என் குவியல் தார்ப்பாய்க்கு அடியில் வெந்துபோயிருந்தது. கைவிட்டால் சூடு தெரியும்.

எனக்கு எட்டு கிலோமீட்டர் மேற்கே இருக்கிற என் மச்சானும் அதே ரகம்தான் விதைத்தான், அதே உரம்தான் போட்டான். மழைக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் அறுத்து முடித்துவிட்டான். அவன் வாய்க்காலுக்குத் தண்ணீர் முன்னாடி வந்தது, அவ்வளவுதான். அவன் புண்ணியவான், நான் பாவியா? அவனைப் பற்றி எனக்குத் தெரியும், விடுங்கள்.

இன்சூரன்ஸ் கதை இன்னும் வேடிக்கை. என் வயலில் என்ன போயிற்று என்று பார்த்துப் பணம் தருவதில்லை. கிராமத்தை ஒரு அலகாக வைத்து, சில வயல்களில் மட்டும் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து, சராசரி எடுப்பார்கள். சராசரி தப்பித்துவிட்டால் நீங்களும் தப்பித்ததாகக் கணக்கு.


ரேணுகா_சேலம் | செவ்வாய், காலை 9:12

பனங்காட்டான் தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. அந்தப் பெரியம்மா பேசியது அநாகரிகம். ஆனால் வினைப்பயனை நம்புகிறவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்கிற மாதிரி இந்த இழை போய்விடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

என் மகனுக்குத் தசைச் சிதைவு நோய். இப்போது பதினேழு வயது. ஆறு வயதில் மாடிப்படி ஏறும்போது தொடையில் கை ஊன்ற ஆரம்பித்தான், அப்படித்தான் தெரியவந்தது. என் மரபணு வழியாக வந்தது என்று டாக்டர் படம் வரைந்து விளக்கினார். என் உடம்பிலிருந்து அவனுக்குப் போயிருக்கிறது. இதை ஒரு அம்மாவிடம் சொல்லிவிட்டு, "இது வெறும் தற்செயல், யாரும் காரணம் இல்லை" என்று முடித்துவிட்டால் அவள் அந்த ராத்திரியை எப்படிக் கடப்பாள்? போன பிறவியில் எனக்கும் அவனுக்கும் ஏதோ பாக்கி இருந்திருக்கிறது, அதைச் சேர்ந்து தீர்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். தினமும் காலையில் அவனைத் தூக்கி உட்கார வைக்கும்போது அந்த நினைப்பு எனக்குக் கைப்பிடி மாதிரி.

அது பொய்யாகவே இருக்கட்டும். கைப்பிடி எந்த மரம் என்று பார்த்தா பிடிக்கிறோம்?


பனங்காட்டான் | செவ்வாய், காலை 9:50

அக்கா, உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் உங்களுக்கு எழுதிக்கொண்ட சீட்டு அது. பெரியம்மா அடுத்தவர் நெற்றியில் ஒட்டினார். எனக்கு அந்த வித்தியாசம்தான் உறுத்துகிறது.


டாலர்சிட்டி_குமார் | செவ்வாய், மதியம் 1:30

விபத்து, நோய் எல்லாம் வேறு. அதை விட்டுப் பார்த்தால் உழைப்புக்குத் தகுந்த பலன் கண்டிப்பாக உண்டு. நான் 14 வயதில் பனியன் கம்பெனியில் கைமடிக்கப் போனேன். அப்புறம் செக்கிங், அப்புறம் ஓவர்லாக், பவர்டேபிள். இப்போது சொந்தமாக 40 மெஷின். என்னோடு சேர்ந்தவர்கள் இன்னும் சனிக்கிழமை சம்பளத்துக்கு நிற்கிறார்கள். சனி ராத்திரி அவர்கள் எங்கே போவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் போகவில்லை. வாழ்க்கை நியாயமாகத்தான் இருக்கிறது, நாம்தான் நியாயமாக இருப்பதில்லை.


கடைமடை | செவ்வாய், மதியம் 2:15

குமார் சார், உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஒரே ஒரு கேள்வி. இந்த 40 மெஷினுக்கு வந்த வழியில் உங்கள் கையில் இல்லாத ஒரு விஷயமாவது உங்களைக் காப்பாற்றியது உண்டா? யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை.


பழையதாள் | செவ்வாய், இரவு 8:20

பனங்காட்டான், நீங்கள் நெல்லைச் சீமை என்று பேச்சிலேயே தெரிகிறது. இந்தச் சண்டை உங்கள் ஊரில் ஏற்கெனவே ஒரு முறை வெடித்திருக்கிறது. கிளப்பியவர் காந்தி.

1934 ஜனவரி 15 மதியம் பீகாரில் பெரிய நிலநடுக்கம். முங்கேர் நகரம் கிட்டத்தட்ட தரைமட்டம். பீகாரில் மட்டும் 7,000 பேருக்கு மேல் செத்தார்கள், நேபாளக் கணக்கு தனி. காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புக்காக நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தார், அந்த நேரத்தில் தமிழ்நாட்டில் இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலிக் கூட்டத்தில் பேசும்போது, இந்த நிலநடுக்கம் நாம் செய்த பாவங்களுக்கு, குறிப்பாகத் தீண்டாமை என்ற பாவத்துக்கு, கடவுள் கொடுத்த தண்டனை என்று தான் நம்புவதாகச் சொன்னார்.

தாகூர் அதிர்ந்துபோனார். இத்தனைக்கும் தீண்டாமை விஷயத்தில் அவர் காந்தியின் பக்கம். உடனே ஒரு மறுப்பு எழுதி காந்திக்கே அனுப்பினார். அதில் இருக்கிற வாதத்தை இன்று படித்தாலும் கூர்மை குறையவில்லை. நிலம் ஆடுவதற்குக் காரணம் நிலத்தில்தான் இருக்கும். நாகரிகமுள்ள எந்த அரசனாவது, தூரத்தில் பத்திரமாக இருக்கிற பெரிய குற்றவாளிகளுக்குப் பாடம் புகட்டுவதற்காக, கையில் சிக்கிய குழந்தைகளையும் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களையுமே கொல்வானா? அப்படிப் பார்த்தால் கடவுளைவிட மனுஷன் ஒழுக்கத்தில் மேல் என்றல்லவா ஆகிவிடும்? இதுதான் அவர் கேட்டதன் சாரம்.

காந்தி அதை மறைக்கவில்லை. பிப்ரவரி 16 ஹரிஜன் இதழில் தாகூர் எழுதியதையும் போட்டு, தன் பதிலையும் போட்டார். நிரூபிக்க முடியாது, ஆனால் என் நம்பிக்கை இது, இந்த நம்பிக்கை என்னைத் திருத்திக்கொள்ளத் தூண்டுகிறது என்கிற போக்கில் பதில் போகும். இறங்கி வரவில்லை.

எனக்குக் காந்தி மேல் மரியாதை அதிகம், இந்த இடத்தில் மட்டும் தாகூர் பக்கம். காந்தி சொன்னதில் "நம் பாவம்" என்று தன்னையும் சேர்த்துக்கொண்டார், அது உண்மை. ஆனால் செங்கல்லுக்கு அடியில் கிடந்தது அவர் இல்லையே. தண்டனை யாருக்கு விழுந்தது, பாடம் யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். உங்கள் பெரியம்மா கதையும் இதேதான், அளவுதான் சிறிசு.


அவசரக்காரி | செவ்வாய், இரவு 8:31

நீளமா இருக்கு. யாராவது ரெண்டு வரியில சொல்லுங்களேன்.


பழையதாள் | செவ்வாய், இரவு 8:33

நிலநடுக்கத்துக்குக் காரணம் நிலம். முடிந்தது.


அக்கரைக்கரையான் | செவ்வாய், இரவு 11:58

நான் நாகப்பட்டினம் மீனவ கிராமம். 2004 டிசம்பர் 26. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். ஆழக்கடலுக்குப் போனவன் பிழைத்தான். அவனுக்கு அலை வந்ததே தெரியாது, படகு லேசாகத் தூக்கிப் போட்டது, அவ்வளவுதான். கரைக்கு வந்து பார்த்தால் வீடு இருந்த இடம் தெரியவில்லை. பயந்து பயந்து தொழிலுக்கு அனுப்பிவிட்டுக் கரையில் நின்றவர்கள்தான் போனார்கள். வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸ் முடிந்து வந்திருந்த யாத்ரீகர்கள் கதை எல்லாருக்கும் தெரியும். மாதாவைக் கும்பிட வந்த கூட்டம்.

அதற்குப் பிறகு நான் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. வலைதான் பின்னுகிறேன்.


கடன்வாங்கிப்_படித்தவன் | புதன், காலை 7:45

உளவியல் படிக்கிறேன், எங்கள் வகுப்பில் இது ஒரு பாடமே உண்டு. மெல்வின் லெர்னர் என்பவர் சிம்மன்ஸ் என்ற இன்னொருவரோடு சேர்ந்து 1966இல் ஒரு சோதனை வெளியிட்டார். ஒரு பெண் விடையைத் தப்பாகச் சொல்லும்போதெல்லாம் மின்சார அதிர்ச்சி வாங்குவதை மாணவிகள் பார்ப்பார்கள். உண்மையில் அது நடிப்பு, பார்ப்பவர்களுக்குத் தெரியாது. "வேண்டுமானால் இவருக்கு அதிர்ச்சியை நிறுத்திப் பணம் கொடுக்கலாம்" என்று வாய்ப்புக் கொடுத்தபோது பெரும்பாலானவர்கள் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். உங்களால் ஒன்றும் செய்ய முடியாது, தொடர்ந்து பார்க்க வேண்டியதுதான் என்ற நிலையில் இருந்தவர்கள்தான் அந்தப் பெண்ணையே மட்டமாக மதிப்பிட்டார்கள். அவள் ஒன்றும் அவ்வளவு நல்லவள் இல்லை என்கிற மாதிரி.

கெட்ட மனசு இல்லை. கையைப் பிசைந்துகொண்டு நிற்பது தாங்கவில்லை. அவளிடம் ஏதோ குறை இருந்தால்தான் உலகம் ஒழுங்காக இருக்கிறது, நாளைக்கு எனக்கு இது வராது என்று நிம்மதியாகத் தூங்க முடியும்.

பெரியம்மாவும் பஸ் பிடித்து வீட்டுக்குப் போக வேண்டியவர்தானே. வழியில் டீக்கடைகள் இருக்கின்றன.


சும்மா_ஒருவன் | புதன், காலை 8:02

கடைசி வரி செம.


தமிழய்யா_ஓய்வு | புதன், மாலை 4:20

முப்பத்தோரு வருடம் பள்ளியில் தமிழ் நடத்தினேன். ஒவ்வொரு வருடமும் ஒரே குறளில் ஒரு பையனாவது என்னை மடக்குவான்.

அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை
பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை.

பல்லக்கில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், இன்னொருவன் சுமக்கிறான். பரிமேலழகர் உரைப்படி, அறத்தின் பயன் இதுதான் என்று நூல் காட்டிச் சொல்ல வேண்டியதில்லை, கண்ணாலேயே தெரிகிறது. அதாவது சுமப்பவன் முன்வினை. இதை நடத்தியபோது ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். அவன் அப்பா மூட்டை தூக்குபவர். "அய்யா, வேண்டா என்றால் அப்படிச் சொல்லாதே என்றுதானே அர்த்தம்?" என்றான். இவர்கள் இரண்டு பேரையும் காட்டி அறத்தின் வழி இது என்று சொல்லாதே. அப்படி உரை சொன்னவர்களும் உண்டு. அந்தப் பையனுக்கு எந்த உரையும் தெரியாது. அவன் அப்பாவின் தோளைத் தெரியும்.

அன்றைக்கு நான் தேர்வுக்கு முதல் உரையை எழுது, வீட்டுக்குப் போய் இரண்டாவதை நினைத்துக்கொள் என்று சொன்னேன். இன்றுவரை அது சரியான பதிலா என்று தெரியவில்லை. மதிப்பெண் போட வேண்டியவன் நான்.


டாலர்சிட்டி_குமார் | புதன், இரவு 9:40

கடைமடை ஐயா கேட்ட கேள்விக்குப் பதில். ஒரு நாள் முழுக்க மறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

2010இல் நானும் என் நண்பன் ஒருவனும் ஆளுக்கொரு சின்னச் சாயப்பட்டறை போடத் திட்டம் போட்டோம். இரண்டு பேரும் ஒரே மாதம் பேங்க் லோனுக்கு எழுதிப்போட்டோம். அவனுக்குக் கிடைத்தது. எனக்கு ஒரு வில்லங்கச் சான்றிதழில் பெயர் தப்பாக இருந்ததால் தள்ளுபடி. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று மனைவியிடம் புலம்பினேன்.

2011 ஜனவரியில் நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிவிட்டது. நூற்றுக்கணக்கில் மூடினார்கள். ஆறு கெட்டுப்போயிருந்தது, தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நண்பன் வட்டி கட்ட முடியாமல் வீட்டை விற்றான். என்னைவிட நல்ல உழைப்பாளி அவன். சனி ராத்திரி எங்கேயும் போகாதவன். இப்போது என் கம்பெனியில் கட்டிங் பார்க்கிறான், என்னை "சார்" என்கிறான். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்பதில்லை.

கடவுள் காப்பாற்றினார் என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.


ரேணுகா_சேலம் | புதன், இரவு 9:55

அவர் சார் என்று கூப்பிடும்போது நீங்கள் என்ன சொல்வீர்கள் குமார்?


டாலர்சிட்டி_குமார் | புதன், இரவு 10:10

டீ சொல்லட்டுமா என்பேன்.


வக்கீல்குமாஸ்தா | வியாழன், காலை 6:30

பனங்காட்டான், முதலில் வேலையைப் பார்ப்போம். எம்.சி.ஓ.பி., அதாவது விபத்து இழப்பீட்டு மனு, போட்டாயிற்றா? நான் 22 வருடமாக விபத்து வழக்குகளை மட்டுமே பார்க்கிற ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. சட்டத்தில் ஆறு மாதக் கெடு இருக்கிறது, காரியம் முடியட்டும், வருடம் திரும்பட்டும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ், அவர் லைசென்ஸ், வருமானத்துக்கு ஏதாவது காகிதம்.

இனி உங்கள் தலைப்புக்கு வருகிறேன். ஒருவருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று இந்த நாட்டில் தினமும் கால்குலேட்டர் வைத்துக் கணக்குப் போடுகிற இடம் எங்களுடையது. அங்கே பாவம் புண்ணியம் என்று பத்தியே கிடையாது. எப்படிப் போடுகிறோம் என்று சொல்கிறேன்.

உங்கள் சித்தப்பாவுக்கு மாதம் 18,000 என்று நிரூபித்தோம் என்று வையுங்கள். வருடத்துக்கு 2,16,000. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டதால், நிரந்தர வேலையில் இல்லாதவருக்கு எதிர்கால உயர்வு என்று 10 சதவீதம்தான் சேர்ப்பார்கள். இது 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. ஆக 2,37,600. சார்ந்திருப்பவர்கள் மூன்று பேர் என்றால், அவர் உயிரோடு இருந்திருந்தால் தனக்குச் செலவு செய்திருப்பார் என்று மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். மிச்சம் 1,58,400. அதை ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 2009 சரளா வர்மா தீர்ப்பில் வயதுவாரியாக அட்டவணை இருக்கிறது. 15 முதல் 25 வயது வரை 18, 56 முதல் 60 வரை 9. ஆக 14,25,600. இதற்கு மேல் ஈமச்சடங்கு, துணையை இழந்ததற்கு என்று சில நிலையான தொகைகள்.

இப்போது அதே பெஞ்சில் அவர் பக்கத்தில் மாதம் ஒரு லட்சம் வாங்குகிற 29 வயது ஐ.டி. பையன் உட்கார்ந்திருந்து அவன் செத்திருந்தால்? நிரந்தர வேலை இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் 40 சதவீதம் சேர்த்து, கல்யாணம் ஆகாதவன் என்று பாதி கழித்து, 17ஆல் பெருக்கினால் 1,42,80,000. வருமான வரிக் கழிவை விட்டுவிடுகிறேன். ஒரே கார், ஒரே பெஞ்ச். பத்து மடங்கு.

இது அநியாயம் என்று நான் ஆரம்பத்தில் கொதித்தேன். எங்கள் சீனியர் சொன்னார், "நாம உயிருக்கு விலை போடலைப்பா. வீட்டுக்கு வந்துட்டிருந்த காசு நின்னுபோச்சு, அதைத்தான் போடறோம்." சரிதான். ஆனால் தீர்ப்பு நகலை வாங்கிக்கொண்டு போகிற பொம்பளைகள் அதை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. "என் மகன் இவ்வளவுதானா சார்" என்றுதான் கேட்பார்கள்.

வீட்டில் இருக்கிற பெண்கள் விஷயம் இன்னும் மோசமாக இருந்தது. சம்பளம் இல்லை என்பதால் ஏதோ ஒரு சின்னத் தொகையைப் போட்டு முடித்துவிடுவார்கள். 2021இல் உச்ச நீதிமன்றம், வீட்டு வேலையும் வேலைதான், அதற்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்று அழுத்தமாகச் சொன்னது. இடித்துவிட்டு ஓடிப்போன வண்டி என்றால் சாவுக்கு 25,000 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில்தான் 2 லட்சம் ஆயிற்று. இவை எதுவும் தானாக வரவில்லை. யாரோ ஒரு மனுதாரர் போதாது என்று மேல்முறையீட்டுக்குப் போனார், யாரோ வாதாடினார், சில சமயம் சட்டத்தையே திருத்தினார்கள், அதனால் வந்தது. நான் பார்த்தவரை நியாயம் என்பது இப்படித்தான் வரும். கொஞ்சம் கொஞ்சமாக, முத்திரை ஒட்டிய காகிதத்தில், எப்போதும் தாமதமாக.


கடைமடை | வியாழன், காலை 6:55

எங்கள் கிராமச் சராசரியை ஒழிக்க எந்தக் கோர்ட்டுக்குப் போகணும் குமாஸ்தா சார்?


வக்கீல்குமாஸ்தா | வியாழன், காலை 7:10

அது எங்கள் டிபார்ட்மென்ட் இல்லை ஐயா. ஆனால் நெல் காயவைக்கிற செலவுக்கு ரசீது வைத்திருங்கள். எதற்கும் ரசீது வைத்திருங்கள்.


பனங்காட்டான் | ஞாயிறு, இரவு 11:20

மூன்று நாளாக இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

குமாஸ்தா அண்ணாச்சி வருமானத்துக்குக் காகிதம் கேட்டதால் சித்தப்பாவின் பெட்டியைத் திறந்தோம். பதினான்கு நீள நோட்டுகள். ஒவ்வொரு டிரிப்பும் எழுதியிருக்கிறார். லோடு எங்கே, எத்தனை டன், வாடகை, டீசல், டோல், படி, வழியில் கொடுத்தது. டீக்குக்கூடக் கணக்கு.

ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிவாக்கில் ஒரு வரி. "கயத்தாறு 200." 1998 ஜூலையில் ஆரம்பிக்கிறது. போகப்போக 300, 500 ஆகிறது. நாங்கள் முதலில் தப்பாகத்தான் நினைத்தோம், மறைக்க என்ன இருக்கிறது. சித்தியிடம் கேட்டதும் அவள் பீடி முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

1998இல் கயத்தாறு பக்கம், விளக்கு வைக்கிற நேரம். மண்பாதையிலிருந்து விளக்கில்லாத சைக்கிளில் பின்னால் விறகுக் கட்டோடு ஒருவர் ரோட்டுக்கு ஏறியிருக்கிறார். சித்தப்பா பிரேக் பிடித்தும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவர் இறந்துபோனார். வழக்கு நடந்தது, இரண்டு வருடத்தில் விடுதலை. ஆனால் வழக்கு முடிவதற்கு முன்னாலேயே அந்த வீட்டைத் தேடிப் போயிருக்கிறார். பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும். முதலில் மணியார்டர், அப்புறம் அந்தப் பக்கம் லோடு போகும்போது கையில், கடைசி சில வருடம் போனிலேயே. பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் நிறுத்தவில்லை. சித்தியைத் தவிர யாருக்கும் தெரியாது. "ஒரு கீறல் கிடையாது" என்று நாங்கள் பெருமை பேசும்போதெல்லாம் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

முதல் பதிவில் நானும் அதையே எழுதியிருக்கிறேன். திருத்தவில்லை, அப்படியே கிடக்கட்டும்.


சும்மா_ஒருவன் | ஞாயிறு, இரவு 11:34

தப்பாக நினைக்காதீர்கள் அண்ணே. அப்போ பெரியம்மா கேட்டதில் ஏதோ இருக்கிறதுதானே? கணக்கு நேராகிவிட்டது.


ரேணுகா_சேலம் | ஞாயிறு, இரவு 11:41

வினைப்பயனை நம்புகிறவள் சொல்கிறேன் தம்பி, வாயை மூடிக்கொண்டு போய்ப் படுங்கள்.


கடைமடை | திங்கள், காலை 5:15

நேராகிவிட்டதா? சரி. அந்த விறகுக்காரர் யார் கணக்கை நேராக்கினார்? அவருக்கு முன்னால் ஒருத்தர், அவருக்கும் முன்னால் ஒருத்தர் என்று போய்க்கொண்டே இருப்பீர்களா? டீக்கடைக்குள் விட்ட கார்க்காரருக்கு இனி ஒரு டீக்கடை காத்திருக்கிறதா?


சும்மா_ஒருவன் | திங்கள், காலை 8:20

யோசிக்காமல் எழுதிவிட்டேன். மன்னிக்கணும் பனங்காட்டான் அண்ணே.


பனங்காட்டான் | திங்கள், காலை 8:45

பரவாயில்லை. அந்த ராத்திரி எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. அதனால்தான் மூன்று நாள் ஆயிற்று.

குமாஸ்தா அண்ணாச்சி, கயத்தாறு வரி உள்ள பக்கங்களை விட்டுவிட்டு மற்றதை மட்டும் ஜெராக்ஸ் எடுக்கட்டுமா? எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு ஏதாவது பேசுவார்களோ என்று பயமாக இருக்கிறது.


வக்கீல்குமாஸ்தா | திங்கள், மதியம் 12:50

ஒரு பக்கத்தையும் விடாதீர்கள். ஒரு நோட்டில் நடுப்பக்கம் இல்லை என்றால் மொத்த நோட்டையும் சந்தேகப்படுவார்கள். பழைய வழக்கில் விடுதலை ஆகியிருக்கிறார், இந்த விபத்தில் அவர் வண்டியிலேயே இல்லை. அதை வைத்து அவர்களால் ஒரு ரூபாய் குறைக்க முடியாது.

இன்னொன்று. ஓனர் சம்பளச் சான்று தராவிட்டால் நாம் சொல்கிற 18,000 அதிகம் என்றுதான் இன்சூரன்ஸ் வக்கீல் இழுப்பார். அப்போது அந்த வரியைத்தான் காட்டப் போகிறோம். வீட்டுச் செலவு போக, மாதம் தவறாமல் 500 ரூபாய் வெளியே கொடுக்கிற அளவுக்கு இந்த மனுஷனுக்கு வருமானம் இருந்தது என்று. பதினான்கு நோட்டையும் கயிறு போட்டுக் கட்டி, புதன்கிழமை பத்து மணிக்குள் கொண்டுவாருங்கள். அசல் வேண்டும்.


பனங்காட்டான் | திங்கள், மதியம் 1:05

சரி அண்ணாச்சி, கொண்டுவருகிறேன். சித்தியையும் கூட்டிக்கொண்டு வரவா என்று கேட்க அவளுக்குப் போன் போட்டேன். வருகிறாளாம். பீடிக் கடையில் சம்பளம் வாங்கிவிட்டாளாம், இந்த மாதம் கயத்தாறுக்கு அவளே அனுப்பிவிட்டாளாம். நோட்டில் எழுதி வைக்கச் சொல்கிறாள்.